நிறை காத்தல்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலராசிரியர் கேட்டபொழுது, கல்லூரியின் பழைய பெருமைகளுள் ஒன்றை எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருத்தல் வேண்டும். அப்பெருமைகளை எழுதுதற்கு என்னிலும் தக்கார் பலர் உளர். நான் எழுத எடுத்துக்கொண்டது பழைய மாணவர் பலருடைய உடம்பில் ஏறியிருக்கும் பாரத்தைப் பற்றியது. விழா மலரிற் பேசத்தக்க பொருளா இது என்று சிலர் வினவலாம். சென்ற ஆண்டு எமது ஒன்றுகூடலில் நான் கண்ட காட்சியொன்றே அதற்கு என் விடை.

பிரார்த்தனை மண்டபத்துச் சுவரிலே எம் காலத்து உதைபந்தாட்டக் குழுவின் படம் இன்றும் தொங்குகின்றது. அதில் முன்வரிசையில் இருப்பவர்களுள் ஒருவர், என்னோடு ஒரே வாங்கில் இருந்து கற்றவர். எதிர்க்குழுவினர் எவர்க்கும் பிடிகொடாது ஓடியவர். சென்ற ஆண்டு அவர் அப்படத்தின் கீழே சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்தார். நீரிழிவினால் வலக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. “மச்சான், அந்தக் காலாலைதான் கோல் எல்லாம் அடிச்சது” என்று படத்தைக் காட்டிச் சிரித்தார். நாங்களுஞ் சிரித்தோம். பின்னர்ச் சிற்றுண்டி வந்தது. மரக்கறி றோல்ஸ் இரண்டு, வடை ஒன்று, கேக் துண்டொன்று, அவற்றோடு மூன்று கரண்டி சீனி கரைத்த பால்தேநீர். நண்பரும் வாங்கினார். ஆறாண்டாகத் தேநீரிற் சீனியை நீக்கியிருந்த நானும் மறுக்க நாணி வாங்கிக் குடித்தேன். எவரும் எதுவும் பேசவில்லை.

தமிழில் ‘நிறை’ என்னுஞ் சொல்லுக்கு எடை என்பது ஒரு பொருள். மனத்தை நெறியில் நிறுத்தும் உறுதி என்பது மற்றொரு பொருள். ஒரு சொல்லே இவ்விரண்டையுங் குறிப்பதனாற்போலும், உடம்பு பருத்தவனை உறுதியில்லாதவன் என்றும் மெலிந்தவனை அடக்கமுடையவன் என்றும் கருதும் வழக்கம் எம்மிடையே வேரூன்றிக் கிடக்கின்றது. இருபது ஆண்டுக்கு மேலாக நானும் அவ்வாறே கருதியிருந்தேன். அக்கருத்துப் பிழையானது என்பதும், அப்பிழை எம்மவர்க்குப் பெருந்தீங்கு விளைத்து வருகின்றது என்பதுமே இங்கு நான் கூற விரும்புவன.

ஆறாம் வகுப்பு முதல் நான் விடுதியில் இருந்து கற்றவன். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும், எழுவோம். மாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும்; விரும்பினும் விரும்பாவிடினும் மைதானத்தில் நிற்றல் வேண்டும். இரவுணவு முடிந்ததும் சமையற்கட்டுப் பூட்டப்படும். அதன்பின் பசித்தாலும் உண்பதற்கு ஒன்றுமில்லை; வாங்கி உண்ணக் கையிற் காசுமில்லை. 1982ஆம் ஆண்டிற் கல்லூரியை விட்டு நீங்கியபொழுது என் நிறை 57 கிலோ. அதனை என் ஒழுக்கத்தின் பயன் என்றே நெடுங்காலம் பெருமை கொண்டிருந்தேன். உண்மையில் என் நிறையைக் காத்தது அந்த மணி.

கல்லூரியை விட்டபின் அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞனாகச் சேர்ந்தேன். 1990ஆம் ஆண்டு முதல் 1995ஆம் ஆண்டு வரை குடாநாட்டில் வாழ்ந்தோர்க்கு அக்காலத்தின் நிலைமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மின்சாரம் இல்லை, எரிபொருள் கிடைப்பதரிது, ஊரே துவிச்சக்கரவண்டியில் இயங்கிற்று. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாண நகருக்கு ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். நாள்தோறும் போவதும் வருவதுமாக அத்தூரத்தை மிதித்தேன். உண்டது பங்கீட்டரிசியும், கிடைத்த கீரையும், ஒடியற் கூழும். அந்நாளில் எம்முட் பருத்தவரைக் காண்பது அரிது. அக்காலத்தை நான் புகழவில்லை. மருந்தின்றி மாண்டோரை நினைக்கும் எவனும் அதனைப் புகழான். ஆயினும், அன்று குடாநாட்டில் இருந்த இலட்சக்கணக்கான மக்கள் அனைவரும் ஒருங்கே மனவுறுதி பெற்றுவிட்டார்கள் என்று எவரேனுங் கூறுவரா? வாழ்க்கை அவ்வாறு அமைந்திருந்தது. உடம்பு அதற்கேற்ப அமைந்தது. 2022ஆம் ஆண்டிற் பெற்றோல் கிடையாதிருந்த மாதங்களிலும் கொட்டிலிற் கிடந்த சைக்கிள்கள் வீதிக்கு வந்தன. பெற்றோல் வந்ததும் என் அயலில் அவை மீண்டுங் கொட்டிலுக்கே சென்றன. அவற்றை ஓட்டியவர்களின் மனவுறுதி ஒரு திங்களிற் பிறந்து மறு திங்களில் இறந்தது என்பது பொருந்துமா?

1997ஆம் ஆண்டிற் கொழும்புக்கு மாற்றம் பெற்றேன். வெள்ளவத்தையில் மாடிவீடு, வாசலில் பஸ், அலுவலகத்தில் நாளெல்லாம் நாற்காலி, மாலையிற் கடைச் சிற்றுண்டி, சில இரவுகளிற் கொத்துறொட்டி. 2005ஆம் ஆண்டில் என் நிறை 84 கிலோ. வெட்கமுற்று, நான்கு மாதம் சோற்றை முற்றாக விலக்கி, இரவிற் பழமும் நீருமே கொண்டு 71 கிலோவுக்கு இறங்கினேன். கண்டவர் வியந்தனர். ஒன்றரை ஆண்டில் என் நிறை 86 கிலோ ஆயிற்று. 2011ஆம் ஆண்டில் மறுமுறையும், 2016ஆம் ஆண்டில் மூன்றாம் முறையும் அதே கதை நிகழ்ந்தது. இறக்கிய பாரத்தை ஒவ்வொரு முறையும் வட்டியோடு மீட்டேன். மூன்றாம் முறைக்குப் பின் வைத்தியர் என் இரத்தத்திற் சீனி கூடியிருப்பதைக் கண்டார்.

நான் உறுதியற்றவன் என்று நொந்துகொண்டிருந்த காலத்தில் அவ்வைத்தியரே எனக்கு ஓர் உண்மையை விளக்கினார். நிறை விரைந்து குறையும்போது, உடம்பு அதனை நன்மை என்று அறிவதில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்றே கொள்கின்றது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து ‘போதும்’ என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் குறைகின்றது. இரைப்பையிலிருந்து சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகின்றது. மெல்பேர்ண் நகரத்து ஆராய்ச்சியாளர், மிகக் குறைந்த உணவினாற் பத்து வாரத்தில் நிறை குறைத்தவர்களை ஓராண்டின் பின் சோதித்து, இம்மாற்றங்கள் அப்போதும் நீங்காதிருந்ததை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் மிகப் பெருமளவு நிறை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்த 2016ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்பானது. அவர்களுட் பெரும்பாலோர் இழந்த நிறையின் பெரும்பகுதியை மீட்டிருந்தனர். அவ்வாறிருந்தும் அவர்களின் உடம்பு ஓய்வாயிருக்கும்போது எரிக்கும் சக்தி, எதிர்பார்க்கத்தக்க அளவினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாகவே இருந்தது. ஆகவே நான்கு மாதப் பட்டினியால் நிறை குறைத்தவன், அதன்பின் கூடிய பசியோடும் குறைந்த செலவோடும் பழைய வாழ்க்கைக்குத் திரும்புகின்றான். அவன் தோற்பது வியப்பன்று.

அப்படியாயின் குறைத்த நிறையைக் காத்தவர் இலரா? உளர். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டில், குறைந்தது 13 கிலோவுக்கு மேற் குறைத்து ஓராண்டேனும் அதனைக் காத்தவர்களைப் பதிவுசெய்யும் ஏடொன்று தொடங்கப்பட்டது. பதிவானோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். குறைத்த வழி அவர்களுக்குப் பலவாறாயினும், காத்த வழி பெரிதும் ஒத்திருக்கின்றது. பெரும்பாலோர் காலையுணவைத் தவறாது உண்பவர். நூற்றுக்கு 75 பேர் வாரத்துக்கு ஒருமுறையேனும் நிறுத்துப் பார்ப்பவர். சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரமளவு நடை முதலிய பயிற்சி செய்பவர். வென்றவர்களை மட்டும் எண்ணிய கணக்காதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் ஆகாது. எனினும் இவர்களுட் பெரும்பாலோர் செய்தது அரிய தவமன்று. அன்றாடம் மாறாது செய்யும் சிறிய செயல்கள் என்பதை நான் கவனித்தேன். விடுதி மணியை அவர்கள் தம் வீட்டிலே கட்டிக்கொண்டார்கள்.

2018ஆம் ஆண்டில் நான் தேநீரிலிருந்து தொடங்கினேன். நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர். ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கரண்டியொன்றுக்கு நான்கு கிராமாக 60 கிராம். அதாவது 240 கலோரி. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உச்ச எல்லையாக வைத்த ஏறத்தாழ 50 கிராமை நான் தேநீரிலேயே கடந்திருந்தேன். முன்னைய மூன்று முறையும் சீனியை ஒரே நாளில் நிறுத்தி, ஒரே நாளில் மீண்டுந் தொடங்கியவன் நான். இம்முறை மாதத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்தேன். ஆறு மாதத்திற் சீனி முற்றாக நீங்கிற்று. நாக்கு அதனை அறியவேயில்லை. இப்பொழுது என் பாட்டனார் செய்தவாறு, காலையில் மட்டும் பனங்கட்டியிற் சிறு துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துகிறேன். பனங்கட்டியும் சீனியே என்பதை மறந்து அதனை மருந்தென்று புகழ்வாரோடு எனக்கு உடன்பாடில்லை. கடித்துக் குடிக்கும் முறையில் அளவு சிறிதாவதே அதன் சிறப்பு.

அடுத்தது சோறு. சோற்றை விலக்கி மும்முறை தோற்றவனாதலின் இம்முறை அதனை விலக்கவில்லை. நான்கு அகப்பை இரண்டாயிற்று. ஒழிந்த இடத்தை முருங்கையிலையும் வல்லாரையும் பயறும் நிரப்பின. கோப்பையின் பாதி மரக்கறியாயின் வயிறு முறையிடுவதில்லை. இங்கே நண்பர்களுக்கு ஒன்று கூறல் வேண்டும். குரக்கன் பிட்டு நீரிழிவுக்கு நல்லது என்று கேட்டு, இரண்டு நீத்துப்பெட்டிப் பிட்டை ஒருவரே உண்பதை நான் கண்டிருக்கிறேன். அரிசி மாவாயினும் குரக்கன் மாவாயினும் அளவு மிஞ்சினால் விளைவு ஒன்றே. மேலும், இவற்றை ‘நான் செய்தேன்’ என்று எழுதுவது முழு உண்மையாகாது. கீரையை ஆய்ந்தவளும், தேங்காய்ப்பாலைக் குறைத்துச் சொதி வைத்தவளும் என் இல்லாள். ஆண்மக்கள் தம் உணவொழுக்கத்தைப் பற்றிப் பெருமை பேசும்போது சமையற்கட்டில் நின்றவரை மறந்துவிடுகின்றனர்.

நடையைப் பற்றி நீள எழுத ஒன்றுமில்லை. சப்பாத்தை வாசலில் வைத்தேன். காலைத் தேநீர் முடிந்ததும் அதனை மாட்டிக்கொண்டு நாற்பத்தைந்து நிமிடம் நடந்தேன். ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய பின்னும் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே செல்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் நிறுத்துப் பார்ப்பேன். இரண்டு கிலோ கூடியிருந்தால் மறுநாளே இரவுணவைச் சிறிதாக்குவேன். பத்துக் கிலோ கூடும்வரை காத்திருப்பதில்லை. 2019ஆம் ஆண்டில் 73 கிலோவுக்கு வந்தேன். அன்று தொட்டு 72க்கும் 75க்கும் இடையில் நிற்கிறேன். முன்னர் நான்கு மாதத்தில் இறக்கியதை இம்முறை இறக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. வியந்தவர் எவருமில்லை, அது நன்றே ஆயிற்று.

நிறை சிறிதே குறைந்தாலும் பயனுண்டு என்பதை இங்கே வற்புறுத்த வேண்டும். நீரிழிவின் வாசலில் நின்றோரை வைத்து அமெரிக்காவில் நடத்திய பேராய்வின் முடிவு 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிறையில் நூற்றுக்கு 7 பங்கைக் குறைத்தலும் வாரத்துக்கு 150 நிமிடம் உடல் உழைத்தலுமே அவர்களுக்கு வைத்த இலக்கு. நோய் வருவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. 2006ஆம் ஆண்டிற் சென்னையிலிருந்து வெளிவந்த ஆய்வு எமக்கு இன்னும் நெருங்கியது. அங்கே மூன்றாண்டில், வழமைபோல் வாழ்ந்தவருள் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராயினர். உணவையும் நடையையும் சீர்செய்தவருள் 39 பேரே ஆயினர். இத்தனைக்கும் அவர்களின் நிறை பெரிதாகக் குறையவில்லை. எம்மவர் உடம்பு வெள்ளையருடையதினும் குறைந்த நிறையிலேயே நோயுறும் இயல்பினது. ஆதலின் ஆசியருக்கு உடற்றிணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என 2004ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறிற்று. இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்டிர்க்கு 80ஐயும் எட்டுவது எச்சரிக்கை என்பர்.

கனடாவிலும் இலண்டனிலும் வாழும் பழைய மாணவர் சிலர், வாரம் ஒருமுறை இடும் புதிய ஊசிமருந்தைப் பற்றி எழுதிக் கேட்கின்றனர். அதனை இகழ எனக்கு உரிமையில்லை. வேண்டியவர்க்கு அது பெரிய உதவியே. வைத்தியரின் சொற்படி இட்டுக்கொள்வது குறைபாடுமன்று. ஆனால் செமகுளுடைட் என்னும் அம்மருந்தை நிறுத்தியவர்கள், ஓராண்டில் இழந்த நிறையின் மூன்றில் இரண்டு பங்கை மீட்டதாக 2022ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டுகின்றது. மருந்தும் ஒருவகை மணியே; அடிக்கும்வரைதான் கேட்கும். கந்தசட்டி ஆறு நாள் உபவாசத்தை நிறை குறைக்கும் வழியாக எண்ணுவாரும் உளர். விரதம் இறைவனுக்காக நோற்பது. ஆறு நாளிற் குறைவதிற் பெரும்பகுதி நீரே. அதுவும் பாறணையன்று திரும்பத் தொடங்கிவிடும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் உபவாசம் இருத்தல் ஆபத்துமாகும்.

இனி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் சில வார்த்தை. இன்று மாலை நான்கு மணிக்குக் கல்லூரி மைதானத்தைச் சென்று பாருங்கள். குழுக்களில் இடம்பெற்ற சிலர் அங்கே நிற்பர். ஏனையோர் பையைத் தூக்கிக்கொண்டு தனியார் வகுப்பு வாங்குகளில் நெருங்கியிருப்பர். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு பணிசும் ஒரு போத்தல் இனிப்புக் குடிபானமும். 2016ஆம் ஆண்டு முதல் அப்போத்தல்களிற் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களாற் காட்டும் சட்டம் நாட்டில் உண்டு. சிவப்பைப் பார்த்து நிறுத்துவதற்கு அந்தப் பிள்ளைக்கு நேரமுமில்லை, வேறு வழியுமில்லை. எம் காலத்து மணியை நாமே கழற்றிவிட்டு, பிள்ளை பருத்துவிட்டான் என்று அவனைக் குறைகூறுகின்றோம். அம்மட்டோ! வகுப்பிற் பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டுவதை விளையாட்டென்று விட்டுவிடுகின்றோம். எம் வகுப்பிலும் ஒருவருக்கு அவ்வாறு சூட்டினோம். அப்பெயரை உரக்கக் கூவியவர்களுள் நானும் ஒருவன். அவர் எந்த விளையாட்டுக்கும் வந்ததில்லை. அவர் ஏன் வரவில்லை என்று நாங்கள் அன்று எண்ணிப் பார்க்கவுமில்லை. வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடச் சொல்வதும் அவர்களை வகுப்பின்முன் நிறுத்து எண் வாசிப்பதும் தகாதன. அவர்களுக்கு வேண்டியது, தேர்ச்சி பெற்றவனும் பெறாதவனும் ஒருங்கே ஓடி விளையாடும் ஒரு மணி நேரம்.

விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் சங்கம் நிதி திரட்டி வருகின்றது. மைதானத்தின் வடக்கு ஓரத்தை வாகனத் தரிப்பிடமாக்குவதும் திட்டங்களுள் ஒன்று என்று அறிகிறேன். அதனை நான் எதிர்க்கிறேன். அவ்விடத்தில் மரநிழலில் ஒரு நடைபாதை அமைத்து, விடியற்காலை ஐந்து மணிக்குப் படலையைத் திறந்துவிட்டால், ஊரவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் வீதியிற் பஸ்ஸுக்கு அஞ்சாது நடப்பர். செலவு தரிப்பிடத்தினுங் குறைவு. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையைக் குத்தகைக்கு விடும்போது, அவித்த கடலையும் கௌபியும் பழமும் பணிசை விடக் குறைந்த விலைக்கு விற்றல் வேண்டும் என்று ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம். நட்டத்தைச் சங்கம் ஏற்கட்டும். மாலை நான்கு மணி முதல் ஐந்து மணி வரை தனியார் வகுப்பு நடத்தாதிருக்குமாறு அயலில் உள்ள ஆசிரியர்களைக் கேட்கலாம். அவர்களுட் பலர் எமது கல்லூரியிற் கற்றவர்களே. கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். மறுத்தால் மறுத்தவர் யார் என்றாவது தெரியவரும்.

அடுத்த ஒன்றுகூடல் வருகின்ற மாதம் நடைபெறவிருக்கின்றது. சீனி தேநீரிற் கரைக்கப்படாது. வேறாக ஒரு கிண்ணத்தில் வைக்கப்படும். வேண்டியவர் இட்டுக்கொள்ளலாம், எவரும் எவரையும் நோக்கவேண்டியதில்லை. என் நண்பர் வருவதாக அறிவித்திருக்கிறார். தேநீர்ப் பொறுப்பை இம்முறை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.